வாணிகரையும் புகழ்தல் வேண்டும்

கல்லூரி மலர்களைப் புரட்டுவோர் அவற்றில் ஓர் ஒழுங்கினை எளிதிற் காண்பர். முற்பக்கங்களிலே ஆசிச் செய்திகளும், அதிபர்களின் படங்களும், நீதிபதிகளாயும் வைத்தியர்களாயும் பொறியியலாளராயும் உயர்ந்த பழைய மாணவரின் வரலாறுகளும் இடம்பெறும். நடுவிலே மாணாக்கரின் கட்டுரைகளும் கவிதைகளும் இருக்கும். இறுதிப் பக்கங்களிலே, சிறிய கட்டங்களுக்குள், கடைகளின் பெயர்கள் நெருங்கிக் கிடக்கும். புடைவைக் கடை, இரும்புக் கடை, புத்தகசாலை, நகைமாடம், சைவ உணவகம், அச்சகம் என்று அவை செல்லும். 'நல்வாழ்த்துக்கள்' என்னும் ஒரு சொல்லோடு அவர்களுடைய பேச்சு முடிந்துவிடும். அவர்கள் கொடுத்த பணத்தினாலேயே மலரின் ஒரு பகுதி அச்சேறுகின்றது. ஆயினும் அப்பக்கங்களை நின்று வாசிப்பார் அரியர். அக்கடைகளுள் எது தன்னை நாடி வந்தோருக்கு அன்போடும் நேர்மையோடும் பணிசெய்தது, எது பெற்ற விலைக்குத் தக்க பொருளைக் கொடுத்தது என்று சீர்தூக்கிச் சொல்லும் கட்டுரை ஒன்றை இம்மலர்களிலே நாம் கண்டதில்லை. அதனை எழுதுவது கல்லூரி மலரின் மதிப்புக்குக் குறைவு என்று சிலர் கருதக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை.

குறைகூறுதல் எமக்குக் கைவந்த கலை. நிறுத்து வாங்கிய வெங்காயத்திலே கால் கிலோ குறைந்துவிட்டால் அச்செய்தியை ஊரறியச் சொல்லுவோம். குறையாமல் நிறுத்துக் கொடுத்தவரைப் பற்றி வீட்டிலேகூட வாய்திறவோம். நேர்மையாய் நடப்பது வாணிகரின் கடமைதானே, கடமையைச் செய்தவருக்குப் புகழ் எதற்கு என்பது எமது எண்ணம். இந்த நியாயத்தை நாம் ஆசிரியர்மீது பிரயோகிப்பதில்லை. ஆசிரியரும் சம்பளம் பெற்றே கற்பிக்கின்றார். வைத்தியரும் பணம் பெற்றே மருந்து கொடுக்கின்றார். அவர்களுக்குப் பொன்னாடை போர்த்துகின்றோம். வாணிகரிடத்தே மாத்திரம் ஊதியத்தைக் குற்றமாய்க் காண்கின்றோம்.

இதற்குக் காரணம் தேடுவோர் வெகுதூரம் போகவேண்டியதில்லை. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்று சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளை வளர்த்த நாடு இது. ஆங்கிலம் படித்தவர் கந்தோருக்குப் போவார், படிப்பு ஏறாதவர் கடையில் நிற்பார் என்னும் பாகுபாட்டை எமது கல்லூரிகளே பல தலைமுறைகளாய் வளர்த்துவிட்டன. ஆனால் இலங்கையின் தென்பகுதி நகரங்களிலும் மலைநாட்டுப் பட்டினங்களிலும் கடை வைத்து, அங்குள்ள மக்களின் நம்பிக்கையைப் பெற்று, அவ்வருவாயிலே ஊர்க் கோயிலுக்கும் பாடசாலைக்கும் கட்டடம் எழுப்பியவர்களுள் காரைநகராரும் தீவகத்தாரும் பலர். அவர்கள் கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டு, அவர்கள் செய்த தொழிலை மட்டும் நாம் தாழ்வாக நினைத்தோம்.

பழந்தமிழ்ப் புலவர் இப்படி நினைத்திலர். பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பாட வந்தவிடத்து, அவர்களுடைய மாளிகைகளையும் மரக்கலங்களையும் மட்டும் வியந்து நின்றுவிடவில்லை. வாங்கும்போதும் விற்கும்போதும் அவர்கள் நடுவுநிலை தவறாமையையே சிறப்பித்தார். மணிமேகலை தந்த சீத்தலைச் சாத்தனாரோ கூலவாணிகர் என்றே பெயர் பெற்றவர். நெல்லும் பயறும் அளந்து விற்றவர் என்பதைச் சொல்ல அக்காலத்தார் நாணவில்லை.

இனி, எதனைப் புகழ்வது என்னும் வினா எழும். இந்நாளிலே வாடிக்கையாளர் சேவை என்று பெரிதாகப் பேசப்படுகின்றது. கழுத்துப்பட்டி அணிந்த இளைஞர் கதவைத் திறந்துவிடுதலும், குளிரூட்டிய அறையிலே இருக்கை கொடுத்தலும், தொலைபேசியிலே இனிய குரல் கேட்பதும் சேவையின் இலக்கணமாகிவிட்டன. இவை வேண்டாதவை என்று நாம் சொல்லவில்லை. வெயிலிலே வந்தவருக்கு ஒரு கதிரையும் ஒரு குவளைத் தண்ணீரும் கொடுப்பது எமது கடைகளிலும் பழைய வழக்கந்தான். ஆனால் முகமலர்ச்சி விற்பனை முடியும்வரை எல்லாரிடத்தும் இருக்கும். வாங்குபவர் எந்த வேளையிலே விற்பவரின் கைக்குள் அகப்பட்டிருக்கின்றாரோ, அந்த வேளையிலே விற்பவர் எப்படி நடந்தார் என்பதே சோதனை. பொருளின் தரம் அறியாமல் நிற்கும்போது வாங்குபவர் அவ்வாறு அகப்பட்டிருக்கின்றார். வாங்கிய பொருள் பழுதுபட்டு நிற்கும்போதும், ஊரிலே பொருள் அருகிவிட்டபோதும் அப்படியே. இம்மூன்று வேளைகளிலும் தவறாதவரையே நாம் புகழவேண்டும் என்கின்றோம்.

தரமறியாத வேளைக்குப் புடைவைக் கடையே நல்ல உதாரணம். 'இது சாயம் போகும் பிள்ளை, மற்றதைப் பாருங்கோ' என்று தன் சரக்கின் குறையைத் தானே சொல்லும் முதலாளி அன்றைய விற்பனையிலே சிறிது இழக்கின்றார். அந்தப் பெண்ணும், அவளுடைய பிள்ளைகளும், பிள்ளைகளின் கலியாணச் சேலைகளும் பிற்காலத்திலே அக்கடைக்கே வருகின்றன. இப்படிச் சொல்லக்கூடிய முதலாளிமார் இன்றும் எம்மிடையே உளர்.

ஆனால் தரமறியாத வேளைக்கு எமக்குள்ள பேருதாரணம் புடைவையன்று, புத்தகம். புடைவையின் சாயத்தை ஒரு தோய்ச்சலிலே கண்டுகொள்ளலாம். நூலொன்றிலே பாடம் பிழைபட்டிருப்பதை, அதனைக் கற்கத் தொடங்கும் மாணாக்கர் எவ்வாறு காண்பார்? பிழையையே பாடமாகக் கொண்டு வாழ்நாள் முழுவதும் சுமப்பார். ஆறுமுக நாவலர் 1849ஆம் ஆண்டிலே தமிழகத்துக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையிலே வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவியதை நாம் சைவப் பணியாகவும் கல்விப் பணியாகவும் மட்டுமே பேசி வருகின்றோம். அது விலைக்கு நூல் விற்ற ஓர் அச்சகமுமாகும். பாலபாடங்களும், இலக்கணச் சுருக்கமும், 1852ஆம் ஆண்டிலே வெளிவந்த பெரியபுராண வசனமும் காசு கொடுத்து வாங்குவோரை நோக்கியே அச்சாயின. ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்குதல், அச்சுத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தல், வாசிப்போருக்கு இடர்நீங்கக் குறியீடுகளை இட்டு வசனத்தைப் பிரித்துக் கொடுத்தல் ஆகிய உழைப்பெல்லாம் வாங்குபவரின் கண்ணுக்குத் தோன்றாதவை. அவற்றை விட்டுவிட்டாலும் நூல் விற்றிருக்கும். விடாமையினாலேயே 'நாவலர் பதிப்பு' என்னும் சொல் பிழையற்ற பதிப்பு என்பதற்கு மறுபெயராயிற்று. கடல் கடந்த தமிழகத்திலே, நூலைத் திறவாமலே, பெயரைப் பார்த்து வாங்கலாம் என்னும் நிலையை ஒருவர் உண்டாக்கினார் என்றால், அதனினும் மேலான வாடிக்கையாளர் சேவை யாது? வாணிகத்தைத் தாழ்வாக நினைக்கும் சைவக் கல்லூரி மாணாக்கர், தம் கல்லூரிகளின் ஞானத்தந்தை ஓர் அச்சகத்தின் முதலாளியாயுமிருந்தார் என்பதை ஒருமுறை நினைப்பது நன்று.

வாங்கிய பொருள் பழுதுபடும் வேளை கமக்காரருக்கே நன்றாகத் தெரியும். குடாநாட்டிலே வற்றாத ஆறில்லை, கிணறே உண்டு. எமது பாட்டன்மார் துலா மிதித்துப் பட்டையால் இறைத்தனர். அவ்விடத்தை நீரிறைக்கும் இயந்திரம் பிடித்துக்கொண்டபின் கமக்காரரின் உயிர் அவ்வியந்திரத்திலே தொங்குகின்றது. சித்திரை வெயிலிலே வெங்காயப் பாத்திக்கு இரண்டு முறை நீர் தவறினால் கடன் வாங்கி வைத்த பயிர் கண்முன்னே வாடும். இயந்திரத்தை விற்கும் அன்று உத்தரவாதப் பத்திரத்தைப் பொன்னெழுத்திலே அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, அது நின்றுபோன அன்று 'கொழும்புக்கு அனுப்பவேண்டும், இரண்டு கிழமை செல்லும்' என்று சொல்லும் நிறுவனங்களை நாம் அறிவோம். அவற்றின் பெயர் இங்கு வேண்டாம். சந்தியிலே தகரக் கொட்டகையிட்டிருக்கும் திருத்துநர் ஒருவர், மாலை ஆறு மணிக்குச் சைக்கிளிலே ஆயுதப் பையோடு தோட்டத்துக்கு வந்து, அரிக்கன் லாம்பு வெளிச்சத்திலே இயந்திரத்தைப் பிரித்து, வேண்டிய உறுப்பைப் பழைய இயந்திரமொன்றிலிருந்து கழற்றிப் பூட்டி, விடியற்புறம் இறைக்க வைத்துவிட்டுப் போன காலமும் எமக்குத் தெரியும். இருவருள் யார் பெரிய நிறுவனம் என்று கேட்டால் பத்திரம் ஒரு விடை சொல்லும். வெங்காயப் பாத்தி வேறொரு விடை சொல்லும். மலிவென்பது வாங்கிய அன்று கொடுத்த தொகையன்று. அப்பொருள் உழைக்கும் காலம் முழுவதிலும் அதற்காகச் செலவாகும் பணத்தையும் கவலையையும் சேர்த்தே கணக்கிடவேண்டும். வர்த்தகம் கற்கும் மாணாக்கருக்கு இக்கணக்கு புதிதன்று. கடைத்தெருவிலே மாத்திரம் அது மறந்துபோகின்றது.

பழுது நேர்ந்தபின் திருத்துவதினும், நேராமற் காப்பது உயர்ந்தது. இதற்குப் பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ள ஒரு நிறுவனத்தைச் சொல்லவேண்டும். ரி. வி. சுந்தரம் ஐயங்கார் 1911ஆம் ஆண்டிலே தொடங்கி, மதுரையை நிலைக்களமாகக் கொண்டு வளர்த்த ரி. வி. எஸ். நிறுவனம் தென்தமிழகத்திலே பேருந்து ஓட்டியது. அக்காலத்துத் தெருக்களிலே மாட்டு வண்டிகளே மிகுதி. மாடுகளின் லாட ஆணிகள் உதிர்ந்து தெருவெல்லாம் கிடக்கும். அவை சக்கரங்களைத் துளைத்துப் பேருந்தை நடுவழியிலே நிறுத்திவிடும். காந்தம் பூட்டிய வண்டியை முன்னே ஓடவிட்டு அவ்வாணிகளைப் பொறுக்கியெடுக்கும் ஏற்பாட்டை அந்நிறுவனம் செய்தது. அதன் பேருந்து வருவதைப் பார்த்து ஊரவர் தம் மணிக்கூடுகளைத் திருத்தினர் என்னும் பேச்சு இன்றளவும் மதுரைப் பக்கத்திலே உண்டு. அப்பேருந்திலே ஏறியவர் காந்த வண்டியைக் கண்டிருக்கமாட்டார். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததை மட்டுமே கண்டிருப்பார். யாழ்ப்பாணத்துப் பேருந்து நிலையத்திலே 'ஏறுங்கோ, இப்ப வெளிக்கிடும்' என்னும் சொல்லை நம்பி ஏறி, ஆசனங்கள் நிறையும்வரை அரைமணி நேரம் வியர்வையிலே இருந்தவர்கள் இவ்வுதாரணத்தின் பெறுமதியை விளக்கமின்றியே உணர்வர்.

இனிப் பஞ்ச காலம். இதனைப் பற்றிப் பேச உலகிலே எமக்குள்ள தகுதி பலருக்கில்லை. 1990ஆம் ஆண்டிலே பொருளாதாரத் தடை வந்தபின், மண்ணெண்ணெய் துளிக்கணக்காயிற்று. ஜாம் போத்தலுக்குள்ளே சிறிது எண்ணெயும் பஞ்சும் இட்டு எரித்த விளக்கிலே எமது பிள்ளைகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தனர். சவர்க்காரம் அரிதானபோது பனம்பழக் களியிலே துணி தோய்த்தனர். அச்சுத்தாள் கிடைக்காத நாட்களிலே செய்தித்தாள்கள் கோடிட்ட கொப்பித் தாளிலே வெளிவந்தன. பக்கம் குறைந்தது, நாள் தவறாமலிருக்கப் பாடுபட்டனர். பதுக்கிவைத்துப் பத்து மடங்குக்கு விற்றவர்களும் அக்காலத்தில் இருந்தனர். அவர்களுடைய மாடிகள் சில இன்றும் நிற்கின்றன. ஆளுக்கு அரை இறாத்தல் சீனி என்று வரையறுத்து, அறிந்தவர் அறியாதவர் என்று பாராமல் உள்ள விலைக்குக் கொடுத்து, சாக்கு வெறுமையானதும் கதவைச் சாத்தியவர்களும் இருந்தனர். அவர்களுடைய பெயர்களை எவரும் எழுதிவைக்கவில்லை. 1995ஆம் ஆண்டு ஒற்றோபர் மாத இறுதியிலே வலிகாமம் முழுவதும் ஒரே இரவிலே தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, அக்கடைகளின் கடன் கொப்பிகளும் கணக்கேடுகளும் கைவிடப்பட்ட வீடுகளோடு அழிந்தன.

அப்பஞ்ச காலத்திலே பங்கீட்டு உணவை மக்களின் கையிற் சேர்த்தவை பெரும்பாலும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களே. கப்பலிலே வந்த அரிசியும் மாவும் அச்சங்கங்களின் கிளைகள் வாயிலாகவே பங்கிடப்பட்டன. இடம்பெயர்ந்தபின், எந்த ஊரிலே எந்தப் பாடசாலையிலே மக்கள் தங்கினாரோ அங்கும் சங்கம் பின்தொடர்ந்தது. சங்கக்கடை என்றதும் சிரிப்போர் உளர் என்பதை நாம் அறிவோம். புழுத்த அரிசியும், நீண்ட வரிசையும், 'நாளைக்கு வாங்கோ' என்னும் மனேச்சரின் சொல்லும் அவர்களுக்கு நினைவு வரும். அவையும் உண்மையே. அரசியலார் கைபட்டுக் கெட்ட சங்கங்களும் உண்டு. ஆனால், ஒருவர் இருவர் இலாபத்துக்கு விற்கக்கூடிய பொருளை எல்லாருக்கும் அளந்து கொடுக்கவென ஊரவரே அமைத்த கடை அது. பஞ்சம் வந்தபோது ஓடுவதற்கு அதற்கு வேறிடமில்லை. வாங்குபவரே அதன் உடைமையாளராயிருந்தனர்.

இக்கருத்து பிறந்த கதையும் பஞ்சக் கதையே. இங்கிலாந்திலே றொச்டேல் என்னும் நெசவு நகரிலே 28 பேர் சேர்ந்து 1844ஆம் ஆண்டு திசெம்பர் 21ஆந் தேதி ஒரு சிறு கடையைத் திறந்தனர். வெண்ணெய், சீனி, கோதுமை மா, ஓற்று மா, மெழுகுவர்த்தி ஆகியவையே அவர்களுடைய முதற் சரக்கு. மாவிலே சுண்ணமும் தேயிலையிலே பழைய சக்கையும் கலந்து விற்பது அந்நாட்டிலே அப்போது சர்வசாதாரணம். கலப்படமில்லாத பொருள், குறையாத நிறை, கைப்பணத்துக்கு விற்பனை, வாங்கிய அளவுக்கேற்ப ஆதாயப் பங்கு என்பவையே அவர்கள் கண்ட புதுமை. இதிலே புதுமை என்ன இருக்கின்றது என்று இன்று கேட்கலாம். உலகெங்கும் பரவிய ஓர் இயக்கத்துக்கு நிறை குறையாத ஒரு இறாத்தல் மா போதுமானதாயிருந்தது.

அவ்வித்து எமது குடாநாட்டிலே விழுந்தபோது அதனை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் எமது மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராய் விளங்கிய திரு. வி. வீரசிங்கம் அவர்கள். 1952 முதல் 1956 வரை வட்டுக்கோட்டைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராயுமிருந்த அப்பெரியாரை, யாழ்ப்பாண நகரிலே வீரசிங்கம் மண்டபத்துக்கு நாடகம் பார்க்கவும் கூட்டம் கேட்கவும் போகும் இளைஞருள் எத்தனை பேர் அறிவர்? அவர் காலத்திலே யாழ்ப்பாணத்தார் கடனுக்கும், புகையிலை விற்பனைக்கும் கூட்டுறவு முறையைக் கையாண்டனர், நோய்க்கும் கையாண்டனர். 1930களிலே மூளாயிலே எழுந்த கூட்டுறவு வைத்தியசாலையைப் பாருங்கள். நோய்ப்பட்டவர் வாடிக்கையாளருள் மிகவும் ஏழை. விலை பேச அவரால் இயலாது, வேறு கடைக்குப் போவதாகச் சொல்லவும் இயலாது. அவரையும் அவர் அயலாரையும் வைத்தியசாலையின் அங்கத்தவராக்கியது அக்காலத்துக் கிராமத்து மக்களின் அறிவு. இன்றும் அவ்வைத்தியசாலை இயங்கிவருகின்றது. பின்னர் 1942ஆம் ஆண்டிலே பர்மா வீழ்ந்து அரிசி வரவு நின்றதும் நாடெங்கும் சங்கக்கடைகள் பல்கின. 1957ஆம் ஆண்டிலே பலநோக்குச் சங்கங்கள் தோன்றின. அப்புறத்து வரலாறு பலர் அறிந்ததே; விரிக்கவில்லை.

கூட்டுறவை இத்தனை புகழ்ந்ததனால் தனியார் வாணிகத்தை நாம் இகழ்ந்ததாக எவரும் கொள்ளவேண்டாம். 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியிலும் யூன் மாதத் தொடக்கத்திலும் யாழ்ப்பாண நகருக்குத் தீ வைக்கப்பட்டபோது, பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களோடு, பூபாலசிங்கம் புத்தகசாலையும் எரிந்தது. எரிந்த கடையை மூடிவிட்டு வேறு தொழில் தேடியிருந்தால் எவரும் குறைசொல்லியிரார். அது மறுபடி திறந்தது. கொழும்பிலும் கிளை பரப்பியது. ஈழத்து எழுத்தாளரின் நூல்களுக்கு இடம் கொடுத்தது. தொடர்ந்து திறந்திருப்பதும் ஒரு சேவைதான். பெரியகடையிலே மலாயன் கபே இன்றும் வாழையிலையிலே சைவ உணவு படைக்கின்றது. அங்கே இலைக்கு முன்னே வழக்கறிஞரும் வண்டிக்காரரும் ஒன்றே. மில்க்வைற் சவர்க்காரத் தொழிலகத்தை நடத்திய க. கனகராசா அவர்கள் பனைவளத்தைப் பெருக்கப் பாடுபட்டதையும், 'மில்க்வைற் செய்தி' என்னும் சஞ்சிகையை வெளியிட்டதையும் முதியோர் நன்றியோடு நினைப்பர். ஆயினும் ஒன்று சொல்லவேண்டும்: முதலாளியின் தருமம் வேறு, கடையின் தரம் வேறு. சவர்க்காரம் முதலில் அழுக்கைப் போக்கவேண்டும்; பனங்கொட்டை அதற்குப் பின்னரே. கோயிலுக்குக் கோபுரம் கட்டிக் கொடுத்துவிட்டுக் கடையிலே எடை குறைத்து விற்பவரை எமது புகழிலே சேர்க்கலாகாது.

2009ஆம் ஆண்டிலே போர் முடிந்து ஏ9 வீதி எல்லாருக்கும் திறந்தபின் தென்னிலங்கை நிறுவனங்கள் பலவும் இங்கு வந்தன. பேரங்காடிகளும், வங்கிக் கிளைகளும், குத்தகை முறையிலே வாகனம் கொடுப்பனவும் தெருவுக்குத் தெரு எழுந்தன. அவை வந்ததை முற்றும் தீமை என்று நாம் சொல்லோம். பொருளிலே விலையை எழுதி ஒட்டுதல், ஒரு நெருப்புப்பெட்டிக்கும் பற்றுச்சீட்டு கொடுத்தல், பழுதான பொருளை முகஞ்சுளியாமல் மாற்றிக் கொடுத்தல், ஆளைப் பார்த்து விலை சொல்லாமை ஆகியவற்றை எமது கடைகள் சில அவற்றிடமிருந்து கற்கவேண்டியனவாகவே இருக்கின்றன. வேட்டி கட்டியவருக்கு ஒரு விலையும் வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு வேறு விலையும் சொல்லும் பழக்கம் எமது கடைத்தெருவின் அழகன்று. அதே வேளையிலே, வாசலுக்கே வந்து சிரித்த முகத்தோடு நுண்கடன் கொடுத்துவிட்டு, கிழமைதோறும் வட்டி கேட்டு வாசலிலே நின்றவர்களையும் வடமாகாணத்துப் பெண்கள் கண்டனர். சேவை என்னும் சொல்லை அவர்களும் தம் பலகைகளிலே எழுதியிருந்தனர்.

குற்றம் செய்யும் வாணிகரைத் தண்டிக்கச் சட்டமுண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தினாலே பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை அமைந்தது. ஒரு இறாத்தல் பாண் 450 கிராம் இருக்கவேண்டும் என்றும் வரையறை உண்டு. முறையிட விரும்புவோர் 1977 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியிலே அழைக்கலாம். நன்றாய் நடந்தவரைச் சொல்ல எந்த இலக்கத்துக்கு அழைப்பது? அரசாங்கம் அதனைச் செய்யாது, செய்யவும் வேண்டாம். அது வாங்குபவரின் வேலை. 2022ஆம் ஆண்டிலே எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையிலே நின்றபோது, எந்தக் கடைக்காரர் ஆளுக்கொன்றாய்க் கொடுத்தார், எவர் பின்கதவால் விற்றார் என்பது ஒவ்வொரு கிராமத்துக்கும் தெரியும். அதிலே முதற் பகுதியைப் பெயரோடு சொல்லாமல் விடுவதனால், இருவரும் ஒருவராகிவிடுகின்றனர்.

இதனைப் பெரிதுபடுத்திப் பேசுவதற்குக் காரணமுண்டு. நல்ல பெயர் பெற்ற கடைகள் பல, முதலாளியின் முதுமையோடு மூடப்படுகின்றன. பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் இருக்கின்றனர். கல்லாவிலே வந்து இருக்க அவர்களுக்கு மனமில்லை. கடை விலைப்படும், கட்டடம் விலைப்படும், நாற்பது ஆண்டுகளாய் ஈட்டிய நம்பிக்கையை விலைகொடுத்து வாங்குவார் இல்லை. தந்தையின் தொழிலை உலகம் மதித்தது என்பதை அப்பிள்ளைகள் சிறுவயதிலே எங்கும் கேட்டதில்லை, வாசித்ததுமில்லை. கல்லூரியிலே தமக்குக் காட்டப்பட்ட படங்களெல்லாம் வேறு தொழிலாரின் படங்களே. வெளிநாட்டிலே உள்ள பழைய மாணவர் இங்கு முதலிட விரும்பும்போதும், எவரோடு சேர்ந்து தொழில் செய்யலாம் என்று அறியாமல் தயங்குகின்றனர். நம்பத்தக்கவர் எவரென்று ஊருக்குத் தெரியும், எழுத்திலே இல்லை.

புகழ்ச்சி விலைக்கு வாங்கப்படும் பொருளாகிவிடாதோ என்று கேட்பர். ஆகலாம். இன்று கைத்தொலைபேசியிலே நட்சத்திரங்கள் ஐந்தையும் கூலிக்கு வாங்குவோர் உளர் என்று கேள்விப்படுகின்றோம். அதனாலேதான், யாதொரு பணமும் பெறாத, பெயர் போட்டு எழுதும், பொய்யானால் ஊரார் முகத்திலே விழிக்கவேண்டிய மனிதரின் எழுத்து வேண்டும் என்கின்றோம். கல்லூரி மலருக்கு அத்தகுதி உண்டு.

ஆதலின் பழைய மாணவர் சங்கத்துக்கு எமது விண்ணப்பம் இது. வர்த்தகப் பிரிவிலே உயர்தரம் கற்கும் மாணாக்கர் ஆண்டுதோறும் குடாநாட்டுக் கடையோ தொழிலகமோ சங்கமோ ஒன்றைத் தெரிந்துகொள்ளட்டும். அது எப்போது தொடங்கியது, எப்படி நிறுக்கின்றது, கடன் எவருக்குக் கொடுத்தது, பழுதான பொருளை என்ன செய்தது, 1990இலும் 1995இலும் 2022இலும் எப்படி விற்றது என்று முதலாளியிடமும், அதனினும் முக்கியமாக வாடிக்கையாளரிடமும் கேட்டு எழுதட்டும். குறையிருந்தால் அதனையும் எழுதட்டும். அக்கட்டுரையை மலரின் முற்பக்கத்திலே, அதிபரின் செய்திக்கு அடுத்து, படத்தோடு வெளியிடுக. அந்த ஆண்டிலே அக்கடையிடமிருந்து விளம்பரம் வாங்கவேண்டாம். அந்நட்டத்தை வெளிநாட்டுக் கிளைகள் தாங்கலாம். முதலாவது ஆண்டிலே எதனை எடுத்துக்கொள்வது என்று வினவுவோருக்கு, கல்லூரி வாயிலிலிருந்து நடந்துபோகும் தூரத்திலே உள்ள சங்கக்கடை ஒன்றைச் சொல்லுவோம். பழைய கூப்பன் காலத்துப் பேரேடுகள் அங்கு ஏதும் மிஞ்சியிருந்தால், கறையான் முந்துமுன் மாணாக்கர் முந்தட்டும்.